ஈத்டூல்: பார்க்கத் தயங்க வேண்டாம், மாற்றத் தயங்குங்கள்

லினக்ஸ் லேப்டாப்பில் நெட்வொர்க் கேபிளைச் செருகிப் பெரிய ஃபைல் ஒன்றை நகலெடுக்கும்போது வேகம் நொடிக்கு 11 மெகாபைட்டைத் தாண்டி, 12-ஐத் தொடாமல், ஏறாமல் இறங்காமல் நிற்கிறது என்று வையுங்கள். அந்த எண் ஒரு தடயம். ஈதர்நெட்டில் முழு அளவுப் பாக்கெட் ஒன்று கம்பியில் 1,538 பைட் இடத்தைப் பிடிக்கும். பிரியாம்பிள், தலைப்புகள், பிழை சரிபார்க்கும் எண், இரண்டு பாக்கெட்டுக்கு நடுவே விடும் இடைவெளி எல்லாம் அதில் அடக்கம். உங்கள் ஃபைலுக்கென்று அதில் கிடைப்பது 1,448 பைட், அதாவது 94.1 சதவீதம். ஆகவே 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) இணைப்பில் உச்சம் 94.1 எம்பிபிஎஸ், எட்டு பிட் ஒரு பைட் என்பதால் மெகாபைட்டில் சொன்னால் 11.7 சொச்சம். கிகாபிட் இணைப்பில் அதே கணக்கு 941 எம்பிபிஎஸ், நொடிக்கு ஏறக்குறைய 117 மெகாபைட். 40, 60 என்று நடுவில் தடுமாறும் வேகத்துக்கு டிஸ்க், புராசஸர், வைஃபை என்று பல காரணங்கள் இருக்கலாம். 11-இல் ஆணி அடித்தது போல நின்றால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: கார்டு 1000-இல் இணையாமல் 100-இல் இணைந்திருக்கிறது.

ஏன் அப்படி இணைந்தது என்று கண்டுபிடிக்க லினக்ஸில் உள்ள கருவிகளில் ஈத்டூல்தான் முதன்மையானது. டேவிட் மில்லர் 1998-இல் தொடங்கிய இந்தச் சிறு நிரல் இன்றும் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலோடு சேர்ந்தே வளர்கிறது. 2020-இல் வந்த கர்னல் 5.6-இலிருந்து கர்னலுடன் பேசும் முறையையே நெட்லிங்க் வழிக்கு மாற்றிக்கொண்டது. எல்லாப் பெரிய டிஸ்ட்ரோக்களிலும் இதே பெயரில் பாக்கேஜாகக் கிடைக்கிறது. சிலவற்றில் ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்கும். இந்த விமர்சனம் அதைப் பற்றியது, அதிலும் குறிப்பாக லேப்டாப்பில் வேகம் குறைந்து நிற்கும் ஒரே ஒரு சிக்கலுக்கு அது எவ்வளவு உதவுகிறது என்பதைப் பற்றியது.

என் மதிப்பீட்டை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். நிலைமையைப் படித்துக் காட்டுவதில் இதற்கு இணை இல்லை. அமைப்பை மாற்றும் வேலையிலும் இது திறமையானதுதான், ஆனால் அந்தப் பக்கத்தைத் தொட வேண்டிய தேவை பத்தில் ஒன்பது பேருக்கு வராது. வேகம் குறைவு என்றதும் இணையத்தில் தேடி, வேகத்தை 1000 என்று அடித்து எண்டர் தட்டுகிறவர்கள்தான் நல்ல இணைப்பையும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

படிக்கும் பக்கம்

முதலில் இன்டர்ஃபேஸின் பெயர் தெரிய வேண்டும். டெர்மினலில் ஐபி லிங்க் என்று கொடுத்தால் பட்டியல் வரும். இஎன்பி3எஸ்0, இஎன்ஓ1 போன்ற பெயர்கள் உள்ளே பொருத்திய கார்டுகள். இஎன்எக்ஸ் என்று தொடங்கி நீளமாக மேக் முகவரி ஒட்டியிருந்தால் அது அநேகமாக யுஎஸ்பி அடாப்டர். டபிள்யூஎல் என்று தொடங்குவது வைஃபை. அதன் வேகத்தை ஈத்டூலில் தேடாதீர்கள், அதற்கு ஐடபிள்யூ என்ற தனிக் கருவி இருக்கிறது.

பெயர் தெரிந்ததும் ஈத்டூல் என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, அந்தப் பெயரைக் கொடுங்கள். வேறு ஆப்ஷன் எதுவும் வேண்டாம். முன்னால் சூடோ போட்டு, அதாவது நிர்வாகி அனுமதியோடு ஓட்டினால் வேக்-ஆன்-லேன் (தூங்கும் கணினியை நெட்வொர்க் வழியே எழுப்பும் வசதி) விவரமும் சேர்ந்து வரும், போடாவிட்டால் அந்த ஒரு வரிக்கு அனுமதி இல்லை என்று சொல்லும், மற்றவை எல்லாம் தெரியும். வருகிற இருபது வரிகளில் கண் போக வேண்டியவை நான்கு: சப்போர்ட்டட் லிங்க் மோட்ஸ், அட்வர்டைஸ்ட் லிங்க் மோட்ஸ், லிங்க் பார்ட்னர் அட்வர்டைஸ்ட் லிங்க் மோட்ஸ், ஸ்பீட்.

முதல் வரி கார்டும் டிரைவரும் சேர்ந்து எதைச் செய்ய முடியும் என்று சொல்கிறது. இரண்டாவது, அதில் எவற்றை எதிர்முனைக்கு அறிவிக்கிறோம் என்பது. மூன்றாவது, எதிர்முனையில் உள்ள ஸ்விட்ச் அல்லது ரவுட்டர் நமக்கு எவற்றை அறிவித்தது என்பது. நான்காவது, இருவரும் பேசி முடித்த முடிவு. இந்த வரிசையில் மேலிருந்து கீழாக 1000 என்ற எண் எந்த வரியில் காணாமல் போகிறது என்று பார்த்தால் பழுது எந்தப் பக்கம் என்பது புலப்பட்டுவிடும். ஈத்டூலின் உண்மையான மதிப்பு இந்த நான்கு வரிகளில்தான் இருக்கிறது. இதே தகவலை இவ்வளவு சுருக்கமாக ஒரே திரையில் தரும் வேறு கருவி லினக்ஸில் இல்லை.

சப்போர்ட்டட் வரியிலேயே 1000 இல்லை என்றால் கேபிளை மாற்றிப் பயனில்லை. கார்டு நிஜமாகவே 100 கார்டாக இருக்கலாம். பழைய, விலை குறைந்த மாடல்களில் இது உண்டு. அல்லது டிரைவர் பொருந்தாமல் இருக்கலாம். சிறிய ஐ ஆப்ஷனுடன் ஈத்டூலை ஓட்டினால் டிரைவரின் பெயர் வரும். ரியல்டெக் பிசிஐ கார்டு என்றால் ஆர்8169, இன்டெல் என்றால் இ1000இ, ஐஜிபி, ஐஜிசி ஆகியவற்றில் ஒன்று வர வேண்டும். யுஎஸ்பி அடாப்டரில் ஆர்8152 வர வேண்டிய இடத்தில் சிடிசி ஈதர் அல்லது சிடிசி என்சிஎம் என்று வந்திருந்தால், கர்னல் அதைப் பொதுவான யுஎஸ்பி நெட்வொர்க் சாதனமாக மட்டும் பார்க்கிறது என்று பொருள். அப்போது இணைப்பு வேலை செய்யும், ஆனால் மோட் பட்டியல், பேச்சுவார்த்தை விவரம் போன்றவை காலியாகவோ அரைகுறையாகவோ வரும். அந்த நிலையில் ஈத்டூல் சொல்வதை வைத்து முடிவுக்கு வர வேண்டாம், முதலில் சரியான டிரைவரை ஏற்ற வேண்டும்.

சப்போர்ட்டட் வரியில் 1000 இருக்கிறது, அட்வர்டைஸ்ட் வரியில் இல்லை என்றால், இந்த லேப்டாப்பிலேயே ஏதோ ஒன்று அதை நிறுத்தி வைத்திருக்கிறது. கார்டு தானாக இப்படிச் செய்வது அரிது. நெட்வொர்க் இணைப்புகளை நிர்வகிக்கும் நெட்வொர்க் மேனேஜரின் பழைய அமைப்பு, கணினியின் சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டியின் லிங்க் ஃபைல், யாரோ எழுதி வைத்த ஸ்டார்ட்டப் ஸ்கிரிப்ட், மின்சேமிப்புக் கருவி என்று நான்கு இடங்களில் தேட வேண்டும். நான்காவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள், அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதல் இரண்டிலும் 1000 இருந்து, பார்ட்னர் வரியில் இல்லை என்றால் எதிர்முனை 100 போர்ட்டாக இருக்கலாம். பல ரவுட்டர்களில் ஒரு போர்ட் மட்டும் கிகாபிட், மற்றவை 100 என்று இருக்கும். வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை: கேபிள் சரியில்லாதபோது எதிர்முனையின் சிப் கிகாபிட்டை முயன்று தோற்று, அதன்பின் தன் அறிவிப்பிலிருந்தே 1000-ஐ எடுத்துவிடுவதும் உண்டு. அப்போதும் நமக்கு இதே காட்சிதான் தெரியும். ஆகவே எதிர்முனை மேல் பழி போடும் முன் ஒரு முறையாவது வேறு கேபிளில் பார்த்துவிட வேண்டும்.

மூன்று வரிகளிலும் 1000 இருந்தும் ஸ்பீட் மட்டும் 100 என்று நின்றால் சந்தேகமே வேண்டாம், கம்பிதான். 100 எம்பிபிஎஸ் இணைப்புக்கு எட்டுக் கம்பிகளில் நான்கே போதும், கனெக்டரில் 1, 2, 3, 6 ஆம் முனைகள். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். 4, 5, 7, 8 இவற்றில் ஒன்று அறுந்தாலோ சரியாகத் தொடாமல் போனாலோ, இரு முனையும் 1000 என்று பேசி ஒப்புக்கொண்ட பிறகு இணைப்பு எழும்பாமல் விழும். பேச்சுவார்த்தை நடப்பது 1, 2, 3, 6 வழியாக மட்டும் என்பதால் பேச்சு சுமுகமாக முடிந்துவிடும், அதனால்தான் வரிகள் எல்லாம் சரியாகத் தெரிகின்றன. சில முறை முயன்று தோற்றபின் சிப் 100-க்கு இறங்கிக்கொள்கிறது. இதற்கு டவுன்ஷிஃப்ட் என்று பெயர். கர்னல் பதிவைப் பார்த்தால் சில டிரைவர்கள் இதை வெளிப்படையாகவே எழுதியிருக்கும்: டவுன்ஷிஃப்ட் நடந்தது, கேபிளைச் சரிபார் என்று. இன்டெல்லின் இ1000இ டிரைவர் இதையே ஸ்மார்ட்ஸ்பீட் வேகத்தைக் குறைத்தது என்று எழுதும். டிமெசேஜ் என்று சொல்லப்படும் டிமெஸ்க் கட்டளையிலோ, ஜர்னல்சிடிஎல்-க்குச் சிறிய கே ஆப்ஷன் கொடுத்தோ இதைப் படிக்கலாம்.

கேபிள் மேல் கேட்5இ என்று அச்சடித்திருந்தால் 100 மீட்டர் வரை கிகாபிட்டுக்குப் போதும், கேட்6 கட்டாயம் இல்லை. லேப்டாப்பின் போர்ட்டையும் டார்ச் அடித்துப் பார்ப்பது நல்லது. மெல்லிய லேப்டாப்களில் கீழ்த்தாடை போல மடங்கித் திறக்கும் போர்ட் வைத்திருப்பார்கள். அது முழுதாகத் திறக்காவிட்டால் கனெக்டர் சாய்ந்து உட்காரும், ஓரத்து முனைகள் தொட்டும் தொடாமலும் நிற்கும். மேசையில் லேப்டாப்பை நகர்த்தும்போதெல்லாம் வேகம் 1000-க்கும் 100-க்கும் மாறி மாறிப் போனால் இந்த இடத்தைத்தான் பார்க்க வேண்டும். மாற்றிப் பார்க்கும் வரிசை கேபிள், பிறகு ஸ்விட்ச்சின் போர்ட், பிறகு அதே கேபிளில் வேறொரு கணினி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

கடைசியாக ஒரு காட்சி: பார்ட்னர் வரியில் நாட் ரிப்போர்ட்டட் என்று இருக்கிறது, டூப்ளெக்ஸ் வரியில் ஹாஃப் என்று இருக்கிறது. (இரு முனையும் ஒரே நேரத்தில் அனுப்பலாம் என்றால் ஃபுல், ஒரு நேரத்தில் ஒன்றுதான் என்றால் ஹாஃப்.) அப்போது எதிர்முனையில் யாரோ வேகத்தைக் கையால் பூட்டி வைத்திருக்கிறார்கள். (பார்ட்னர் வரியையே தராத டிரைவர்களும் உண்டு என்பதால் இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.) இந்தக் காட்சிதான் அடுத்த பகுதிக்கு வாசல்.

மாற்றும் பக்கம்

சிறிய எஸ் ஆப்ஷன் அமைப்பை மாற்றுவது, பெரிய எஸ் புள்ளிவிவரம் காட்டுவது. ஷிஃப்ட் விசை தவறினால் வேறு வேலை நடக்கும், கவனம். இணையத்தில் அதிகம் சுற்றும் கட்டளை, சிறிய எஸ், இன்டர்ஃபேஸ் பெயர், ஸ்பீட் 100, டூப்ளெக்ஸ் ஃபுல், ஆட்டோநெக் ஆஃப் என்பது. இதைப் பரிந்துரைக்கும் குறிப்புகளைத் தாண்டிப் போய்விடுங்கள்.

ஆட்டோநெக் என்பது ஆட்டோ நெகோஷியேஷன், இரு முனையும் தாமாகப் பேசி வேகத்தை முடிவு செய்வது. ஆட்டோநெக் ஆஃப் என்றால் இந்த முனை பேச்சுவார்த்தையை நிறுத்திவிட்டது. எதிர்முனையோ இன்னும் பேசக் காத்திருக்கிறது. பதில் வராததால் கம்பியில் ஓடும் சிக்னலைப் பார்த்து, இது 100 என்று மட்டும் கண்டுகொள்ளும். டூப்ளெக்ஸ் என்ன என்பது சிக்னலில் தெரியாது. தரநிலைப்படி அந்த இடத்தில் அது ஹாஃப் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இப்போது ஒரு முனை ஃபுல், மறு முனை ஹாஃப். பிங் போட்டால் அழகாகப் பதில் வரும். ஒரு பக்கம் பேசும்போது மறுபக்கம் பேசாதவரை எல்லாம் சரியாகவே தோன்றும். பெரிய ஃபைல் ஓடத் தொடங்கியதும் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அனுப்பும். ஹாஃப் பக்கம் அதை மோதல் என்று எண்ணிப் பாதியில் நிறுத்தும், ஃபுல் பக்கத்துக்கு அந்த அரைகுறைப் பாக்கெட் பிழையாக வந்து சேரும். 100 எம்பிபிஎஸ் என்று திரை காட்டிக்கொண்டிருக்க, நிஜ வேகம் 100-இன் பக்கத்திலேயே போகாது. ஹாஃப் முனையில் லேட் கொலிஷன் (தாமதமாகத் தெரியும் மோதல்) எண்ணும், ஃபுல் முனையில் சிஆர்சி பிழை (சரிபார்க்கும் எண் பொருந்தாத பாக்கெட்) எண்ணும் ஏறிக்கொண்டே போவது இந்த நோயின் அடையாளம்.

கிகாபிட்டை ஆட்டோநெக் ஆஃப் வைத்துப் பூட்டுவது இன்னும் பொருளற்றது. 1000பேஸ்-டி தரநிலையில் எந்த முனையின் கடிகாரத்தை இருவரும் பின்பற்றுவது என்பதே பேச்சுவார்த்தையில்தான் முடிவாகிறது. அதனால் அங்கே ஆட்டோ நெகோஷியேஷன் கட்டாயம். ஸ்பீட் 1000, ஆட்டோநெக் ஆஃப் என்று கொடுத்தால் சில டிரைவர்கள் மறுத்துவிடும், சில ஏற்றுக்கொண்டது போல இருந்துவிட்டு உள்ளே ஆட்டோநெக்கை ஆன் ஆகவே வைத்திருக்கும். எப்படியும் அறுந்த கம்பியை ஒரு கட்டளை ஒட்டிவிடாது.

வேகத்தை வேண்டுமென்றே கட்டுப்படுத்த நியாயமான காரணமும் உண்டு. சுவருக்குள் போன கேபிளில் ஒரு ஜோடி பழுது, உடனே மாற்ற வழியில்லை, இணைப்பு 1000-இல் எழும்பி விழுந்து எழும்பி விழுகிறது என்றால் 100-இல் நிலையாக நிறுத்துவது புத்திசாலித்தனம். எத்தனை முறை விழுந்து எழுந்தது என்பதை, சிஸ் கோப்பகத்தில் கிளாஸ், நெட், இன்டர்ஃபேஸ் பெயர் என்று இறங்கினால் இருக்கும் கேரியர் சேஞ்சஸ் என்ற ஃபைல் எண்ணி வைத்திருக்கும். அரை மணி நேரத்தில் அந்த எண் பத்து இருபது கூடினால் கட்டுப்படுத்துங்கள். அதற்கான சரியான வழி ஆட்டோநெக்கை ஆன் ஆகவே விட்டு, அறிவிப்பை மட்டும் குறைப்பது: சிறிய எஸ், இன்டர்ஃபேஸ் பெயர், ஆட்டோநெக் ஆன், அட்வர்டைஸ் 0எக்ஸ்008. இந்தப் பதினாறடிமான எண்ணில் ஒவ்வொரு பிட்டும் ஒரு மோட். 10 ஹாஃப் என்றால் 001, 10 ஃபுல் 002, 100 ஹாஃப் 004, 100 ஃபுல் 008, 1000 ஹாஃப் 010, 1000 ஃபுல் 020. வேண்டியவற்றைக் கூட்டிக்கொள்ளலாம். 10, 100 எல்லாம் இருக்கட்டும், 1000 மட்டும் வேண்டாம் என்றால் 00எஃப். பழையபடி எல்லாவற்றையும் அறிவிக்க கிகாபிட் கார்டில் 02எஃப். 2500 ஃபுல்லுக்கு 8-க்குப் பின் பதினொரு பூஜ்யம், தட்டும்போது எண்ணிக்கொள்ளுங்கள். இந்த வழியில் எதிர்முனை நம்மோடு பேசித்தான் 100 ஃபுல்லுக்கு வருகிறது, ஆகவே டூப்ளெக்ஸ் குளறுபடி வராது.

பிட் எண்களை மனிதர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருப்பது இந்தக் கருவியின் குறை என்றே சொல்வேன். அதன் கையேடான மேன் பக்கத்தில் அட்டவணை இருக்கிறது, அதைத் திறந்து வைத்துக்கொண்டே வேலை செய்வது நல்லது.

எந்த மாற்றம் செய்தாலும் இணைப்பு சில நொடிகள் விழுந்து எழும். வேறு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக அதே கேபிளில் நுழைந்திருந்தால் நீங்களே கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நிற்க நேரிடலாம். அப்படிப்பட்ட இடத்தில், இணைப்பு அறுந்தாலும் கட்டளையை ஓட விடும் டிமக்ஸ் அல்லது ஸ்கிரீன் உள்ளே, மாற்றும் கட்டளை, அடுத்து ஸ்லீப் 60, அடுத்து பழைய நிலைக்குத் திருப்பும் கட்டளை மூன்றையும் அரைப்புள்ளியால் கோத்து ஒரே வரியாக ஓட்டுங்கள். இணைப்பு திரும்பி வந்தால் அறுபது நொடிக்குள் கன்ட்ரோல் சி அடித்து நிறுத்திக்கொள்ளலாம், வராவிட்டால் தானாகப் பழையபடி ஆகிவிடும்.

ரீபூட் செய்தால் மறந்துவிடும்

ஈத்டூலில் செய்யும் எதுவும் நிலைக்காது. ரீபூட் செய்தாலோ, டிரைவரை இறக்கி ஏற்றினாலோ, யுஎஸ்பி அடாப்டரைக் கழற்றி மாட்டினாலோ எல்லாம் பழையபடி. சோதனை செய்யும்போது இது நல்ல குணம், தவறு செய்தாலும் ஒரு ரீபூட்டில் தீரும். நிரந்தரமாக வேண்டும் என்றால் வேறு இடத்தில் எழுத வேண்டும்.

பெரும்பாலான லேப்டாப்களில் நெட்வொர்க் மேனேஜர் ஓடுகிறது. என்எம்சிஎல்ஐ கட்டளையில் கனெக்‌ஷன் மாடிஃபை, இணைப்பின் பெயர், பிறகு 802-3-ஈதர்நெட் என்ற பிரிவின் ஆட்டோ-நெகோஷியேட், ஸ்பீட், டூப்ளெக்ஸ் என்ற மூன்று மதிப்புகள். இதில் ஒரு நுணுக்கம். ஆட்டோ-நெகோஷியேட் யெஸ் என்று வைத்து ஸ்பீட் 100, டூப்ளெக்ஸ் ஃபுல் என்று கொடுத்தால் அது 100 ஃபுல்லை மட்டும் அறிவிக்கும். நமக்கு வேண்டியது இதுதான். ஆட்டோ-நெகோஷியேட் நோ என்று விட்டு ஸ்பீட் கொடுத்தால் அது பூட்டுவது, மேலே சொன்ன எல்லாத் தொல்லையும் வரும். மூன்றையும் தொடாமல் விட்டால் நெட்வொர்க் மேனேஜர் கார்டின் அமைப்பில் தலையிடாது. அட்வர்டைஸ்ட் வரியில் 1000 காணாமல் போனவர்கள் முதலில் இந்த மூன்று மதிப்புகளைப் பார்க்க வேண்டும்.

நெட்வொர்க் மேனேஜர் இல்லாத இடத்தில் சிஸ்டம்டியின் லிங்க் ஃபைல். எட்சி கோப்பகத்தில் சிஸ்டம்டி, நெட்வொர்க் என்று இறங்கி 10 என்று தொடங்கும் பெயரில் ஒரு லிங்க் ஃபைல், மேட்ச் பகுதியில் மேக் முகவரி, லிங்க் பகுதியில் அட்வர்டைஸ் என்ற வரி. இங்கே பிட் எண் தேவையில்லை, 100பேஸ்டி-ஃபுல் என்று பெயராகவே எழுதலாம், அதற்காகவே இதைப் பாராட்ட வேண்டும். ஆனால் ஒரு பள்ளம் இருக்கிறது. ஒரு கார்டுக்குப் பொருந்தும் லிங்க் ஃபைல்களில் முதலாவது மட்டுமே செல்லும். நீங்கள் எழுதியது முந்திக்கொண்டால் 99 என்று தொடங்கும் இயல்பு ஃபைலில் உள்ள நேம்பாலிசி வரி கவனிக்கப்படாது, இன்டர்ஃபேஸின் பெயரே மாறிப்போகலாம், அந்தப் பெயரை நம்பியிருந்த ஃபயர்வால் விதியும் நெட்வொர்க் அமைப்பும் சேர்ந்து விழும். இயல்பு ஃபைலில் உள்ள நேம்பாலிசி வரியை அப்படியே உங்கள் ஃபைலிலும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

லேப்டாப் என்பதால் வரும் தொல்லைகள்

மேசைக் கணினிக்கு இல்லாத சில சிக்கல்கள் லேப்டாப்புக்கு உண்டு. முன்பு சொன்ன மின்சேமிப்புக் கருவிகளில் லேப்டாப்-மோட்-டூல்ஸ் முக்கியமானது. அதன் ஈதர்நெட் பகுதி, பேட்டரியில் ஓடும்போது கார்டின் வேகத்தைக் குறைக்கும் வசதியோடு வருகிறது. சார்ஜரைச் செருகினால் 1000, கழற்றினால் 100 அல்லது 10 என்று மாறினால் கேபிளைத் தேட வேண்டாம். அதன் ஈதர்நெட் அமைப்பு ஃபைலில் த்ராட்டில் என்ற சொல் வரும் வரிகளைப் பாருங்கள். பேட்டரி நிலைக்கான மதிப்பை 0 ஆக்கினால் போதும்.

மூடி திறந்ததும் 10 எம்பிபிஎஸ் என்று காட்டுவது இன்னொன்று. தூங்கும் லேப்டாப்பை நெட்வொர்க் வழியே எழுப்ப வேக்-ஆன்-லேன் இயக்கத்தில் இருந்தால், மின்சாரம் மிச்சம் பிடிக்க டிரைவர் இணைப்பைக் குறைந்த வேகத்துக்கு இறக்கி வைத்துவிட்டுத் தூங்கும். ஆர்8169 இப்படிச் செய்கிறது. விழித்ததும் திரும்ப ஏற்ற வேண்டும், எப்போதாவது அது நடக்காமல் போகும். சிறிய ஆர் ஆப்ஷன் பேச்சுவார்த்தையை மறுபடி தொடங்கச் சொல்லும். இரண்டு மூன்று நொடியில் 1000 திரும்பினால் நோய் இதுதான். வேக்-ஆன்-லேன் தேவையில்லாதவர்கள் சிறிய எஸ் ஆப்ஷனில் டபிள்யூஓஎல் டி என்று கொடுத்து அதை அணைத்துவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

கேபிளைச் செருகினாலும் லிங்க் டிடெக்டட் நோ என்றே நிற்கும் லேப்டாப்களில் கார்டு மின்சேமிப்பு நிலையில் உறங்கிவிட்டிருக்கலாம். சிஸ் கோப்பகத்தில் அந்த இன்டர்ஃபேஸுக்குக் கீழே டிவைஸ், பவர், கன்ட்ரோல் என்ற ஃபைலில் ஆட்டோ என்று இருப்பதை ஆன் என்று மாற்றிப் பாருங்கள்.

டாக், யுஎஸ்பி அடாப்டர் வைத்திருப்பவர்களை ஈத்டூல் ஏமாற்றவும் கூடும். அது 1000 என்று காட்டும், உண்மையாகவே கேபிளில் 1000தான் ஓடும், ஆனால் அடாப்டர் யுஎஸ்பி 2 போர்ட்டில் செருகியிருந்தால் அந்த வழி 480 எம்பிபிஎஸ்தான், கழிவு போக அதற்கும் குறைவு. எல்எஸ்யுஎஸ்பி கட்டளைக்குச் சிறிய டி ஆப்ஷன் கொடுத்தால் மர வடிவில் ஒவ்வொரு சாதனத்துக்கும் பக்கத்தில் 480எம் அல்லது 5000எம் என்று வரும். அடாப்டர் பக்கத்தில் 480எம் என்று இருந்தால் போர்ட்டை மாற்றுங்கள், நடுவில் உள்ள ஹப்பை எடுத்துவிடுங்கள்.

சில நிமிடத்துக்கு ஒரு முறை இணைப்பு விழுந்து எழுந்தால், கேபிளையும் போர்ட்டையும் மாற்றிப் பார்த்த பிறகு, இஇஇ என்ற மின்சேமிப்பு வசதியை அணைத்துப் பாருங்கள். ஈத்டூலில் ஷோ-இஇஇ நிலையைக் காட்டும், செட்-இஇஇ ஆப்ஷனுடன் இஇஇ ஆஃப் என்று கொடுத்தால் அணையும். இரண்டு ஆப்ஷனுக்கும் முன்னால் இரட்டைக் கோடு வேண்டும். பழைய ஸ்விட்சுகளோடு சில சிப்கள் இந்த வசதியில் ஒத்துப்போவதில்லை.

புள்ளிவிவரமும் போட்டிக் கருவிகளும்

பெரிய எஸ் ஆப்ஷன் டிரைவர் எண்ணி வைத்த எல்லாவற்றையும் கொட்டும். ஈத்டூலின் பெரிய பலவீனம் இங்கேதான். எண்களின் பெயர்கள் டிரைவருக்கு டிரைவர் வேறு, ஒன்றில் முப்பது வரி வரும், மற்றொன்றில் பத்து. சிஆர்சி, அலைன்மென்ட், கொலிஷன் என்ற சொற்கள் வரும் வரிகளைக் கவனித்தால் போதும். மொத்த எண் முக்கியம் இல்லை, ஃபைல் ஓடும்போது அது ஏறுகிறதா என்பதே கேள்வி. வாட்ச் கட்டளைக்குள் வைத்து ஓட்டினால் கண் முன்னே தெரியும். பெயர்க் குழப்பம் பிடிக்காதவர்களுக்கு ஐபி கட்டளையில் சிறிய எஸ் இரண்டு முறை கொடுத்து லிங்க் ஷோ என்று கேட்டால், எல்லா டிரைவருக்கும் ஒரே பெயரில் பிழைப் பட்டியல் வரும். சிஆர்சி ஏறி, டூப்ளெக்ஸ் இரு முனையிலும் ஃபுல் என்றால் கேபிள் அல்லது கனெக்டர்.

எம்ஐஐ-டூல் என்ற பழைய கருவியை இன்னும் சிலர் பரிந்துரைக்கிறார்கள். 100 எம்பிபிஎஸ் காலத்தில் உருவானது. அதன் பழைய பதிப்புகள் கிகாபிட் இணைப்பையும் 100 ஃபுல் என்றே காட்டும். அதைப் பார்த்து இல்லாத பழுதைத் தேடிப் போகிறவர்கள் உண்டு, விட்டுவிடலாம். சிஸ் கோப்பகத்தில் உள்ள ஸ்பீட் ஃபைல் ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்கு வசதி, ஆனால் இணைப்பு இல்லாதபோது மைனஸ் 1 தரும் அல்லது படிக்கவே மறுக்கும், அதற்கு ஏற்றபடி எழுத வேண்டும்.

ஈத்டூல் 1000 ஃபுல் என்று காட்டியும் வேகம் போதவில்லை என்றால், இரு கணினிகளுக்கு இடையே நெட்வொர்க் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3-ஐ எடுங்கள். ஒரு கணினியில் சிறிய எஸ் கொடுத்துச் சர்வராக ஓட்டி, லேப்டாப்பில் சிறிய சி-யும் அதன் ஐபி முகவரியும் கொடுத்தால் பத்து நொடி அளந்து சொல்லும். பெரிய ஆர் சேர்த்து எதிர்த்திசையிலும் அளக்க வேண்டும். இரண்டு திசையிலும் 940 பக்கம் வந்தால் நெட்வொர்க் கார்டைத் தொடாதீர்கள், சிக்கல் டிஸ்க்கிலோ ஃபைல் பகிரும் முறையிலோ இருக்கிறது. ஒரு திசையில் 940, மறு திசையில் பாதிக்கும் கீழே என்றால் மறுபடி பிழை எண்களைப் பாருங்கள்.

கேபிள்-டெஸ்ட் என்ற ஆப்ஷன் கர்னல் 5.8-இலிருந்து இருக்கிறது. கார்டே கம்பியில் துடிப்பு அனுப்பி எந்த ஜோடி அறுந்தது, எத்தனை மீட்டர் தூரத்தில் என்று சொல்லும். இந்த வேலைக்கென்று தனிக் கருவி வாங்காமலே பதில் கிடைப்பது பெரிய விஷயம். ஆனால் லேப்டாப் சிப்களில் பெரும்பாலானவை இதை ஆதரிப்பதில்லை, ஆபரேஷன் நாட் சப்போர்ட்டட் என்று திரும்பிவிடும். முயன்று பாருங்கள், ஒரு நொடி வேலை. சோதனை ஓடும்போது இணைப்பு விழும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். மறுத்தால், சரியென்று தெரிந்த ஒரு கேட்5இ கேபிளைப் பையில் வைத்திருப்பது அதே வேலையைச் செய்யும்.